நிற்பது மட்டும் பதியும்

துகுசாரி
ஜூலை முதல் வாரம்

அன்புள்ள மகன் வாசிஸுக்கு,

உன்மேல் அமைதியும் இறைவனின் கருணையும் நிலவட்டும். இங்கே நானும் உன் அப்பாவும் சினைமாடும் சௌக்கியம். பாத்தாமில் கப்பல் பட்டறைப் புகையில் உன் இருமல் திரும்பி வந்ததா, இல்லையா என்று மறைக்காமல் எழுது.

நீ அனுப்பிய கேமரா உடையாமல் வந்து சேர்ந்தது. உன் அப்பா பெட்டியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரிட்டயர்டு ஆன அம்மாவுக்கு ஊர்ல பசங்க செருப்பு வாங்கித் தருவானுங்க, போர்வை வாங்கித் தருவானுங்க. இவன் பாரு, ஒத்தக் கண்ணு வாங்கி அனுப்பியிருக்கான்" என்றார். சொல்லிவிட்டு அதைத் தானே துடைத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

அதற்கு உடனே ஒரு வேலையும் வந்துவிட்டது. எரிமலைக் கண்காணிப்பு நிலையம் நம் பக்கத்து முகட்டைப் பார்க்க வைத்திருந்த கேமரா போன மழையில் இடி விழுந்து எரிந்துபோனது உனக்குத் தெரியும். புதியது இன்னும் வரவில்லை. நிலையத்தில் லிஸ்தியானி என்று ஒரு இளம் அதிகாரி இருக்கிறாள். அவள் ஊர்க்கூட்டத்துக்கு வந்து, இந்தப் பக்கம் யாரிடமாவது நல்ல கேமரா இருந்தால் வாரத்துக்கு ஒரு படம் முகட்டை எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மலையைப் பெரியவர் என்றே சொல்லி, அவரை நேருக்கு நேர் விரல் நீட்டிக் காட்டுவதே தப்பு என்கிற ஊர், படம் எடுக்கலாமா என்று கொஞ்சம் முணுமுணுப்பு. ஊர்த் தலைவர் குனாடிதான் முடித்துவைத்தார். "வெரலால காட்டுனாத்தான தப்பு? டீச்சரம்மா கண்ணாடியால பாக்கப் போறாங்க. பெரியவரு கோவிச்சுக்க மாட்டாரு."

பகலெல்லாம் பெரியவர் மேகத்துக்குள் இருக்கிறார். மாலைத் தொழுகைக்குப் பிறகு, இருட்டும் நேரத்தில்தான் முகம் தெரிகிறது. அப்போது கையில் பிடித்து எடுத்தேன். படம் வந்தது. ஆனால் படம் முழுக்க யாரோ குருணையை அள்ளி இறைத்த மாதிரி இருக்கிறது, சிவப்பும் பச்சையும் நீலமுமாக. உன் அப்பா எட்டிப் பார்த்து, "மலையப் புடிக்கச் சொன்னா, மலை மேல கோழித் தீவனத்தக் கொட்டி வச்சிருக்கா" என்று சிரித்தார். கேமராவை அதன் போக்கில் விட்டுத்தான் எடுத்தேன். ஐ.எஸ்.ஓ. என்று ஓரத்தில் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் காட்டியது. அது என்ன கணக்கு? வெல்டிங் போட்ட இடத்தைப் படம் எடுத்து மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிறவன் நீ. உன் அம்மாவுக்கு முதல் வகுப்பிலிருந்து சொல்லிக் கொடு.

போனில் அனுப்பினால் படம் நசுங்கிப்போகிறது, அதனால் மெமரி கார்டையே இதில் வைத்திருக்கிறேன். போன் எப்படியும் உன் அப்பாவின் இடுப்பில்தான் இருக்கிறது. பேச வேண்டுமானால் சிக்னலுக்காக மசூதி மூலைக்குப் போக வேண்டும், அங்கே எப்போதும் நாலு பேர் காது கொடுத்து நிற்கிறார்கள்.

மற்றபடி, மேலூற்றுத் தண்ணீர் இப்போது வெதுவெதுப்பாக வருகிறது. உன் அப்பாவுக்குச் சந்தோஷம். "வெந்நீர் வைக்கிற வெறகு மிச்சம்" என்கிறார். மேல் ஓடையில் புல் ஒரு கோடாக மஞ்சளாகக் காய்ந்திருப்பதால் கொஞ்ச நாளாக அங்கே போகாமல், கீழ் ஓடையில் மற்றவர்களோடு மல்லுக்கட்டிப் புல் அறுத்து வருகிறார்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா
சுமர்சி


துகுசாரி
ஜூலை கடைசி

அன்பு வாசிஸ்,

இறைவன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். உன் கடிதமும் மெமரி கார்டும் வந்தன. மாடு நன்றாக இருக்கிறது. அடுத்த மாதம் ஈனும் என்கிறார் வைத்தியர்.

நீ எழுதியதை எனக்குப் புரிந்தபடி திருப்பி எழுதுகிறேன், தப்பிருந்தால் சிவப்பு மையால் திருத்து. படம் எடுப்பது மழைநீர் பிடிப்பது மாதிரி. பாத்திரம் நிறைய வேண்டுமானால் அகன்ற வாயுள்ள அண்டாவை வைக்கலாம், அல்லது சின்னச் சொம்பை நீண்ட நேரம் வைக்கலாம். வாய் என்பது லென்ஸின் துளை. நேரம் என்பது ஷட்டர் திறந்திருக்கும் நேரம். துளையின் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும் என்பதுதான் முதலில் தலைகீழாகப் பட்டது. பிறகு வகுப்பில் ரேங்க் போடுவதை நினைத்துக்கொண்டேன். ஒன்றாம் ரேங்க்தானே இருபத்திரண்டாம் ரேங்கைவிட உசத்தி? அதற்கப்புறம் மறக்கவில்லை.

ஐ.எஸ்.ஓ.வுக்கு நம் மசூதி ஒலிபெருக்கியே உதாரணம். தொழுகை நடத்துகிற கிழவர் மெல்லப் பேசினால் பையன்கள் திருகைக் கூட்டுவார்கள். அவர் குரல் கூடும், கூடவே அந்த இரைச்சலும் கூடும். குரலை மட்டும் கூட்டுகிற திருகு கிடையாது. அந்த இரைச்சல்தான் படத்தில் குருணை. ஆகவே திருகைக் குறைத்துவிட்டு, பேசுகிறவர் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். சரிதானே? நாற்பது வருஷம் பிள்ளைகள் முன்னால் காத்திருந்தவளுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை.

ஆனால் ஷட்டர் திறந்திருக்கும் வரை கை ஆடக்கூடாது, கிழவி கை ஆடாமல் இருக்குமா? சமையலறைக்குப் பின்னால் இருக்கும் செங்கல் சுவரில் சோளப் பையை வைத்து, அதன்மேல் கேமராவைப் புதைத்தேன். நீ சொன்னபடி, பொத்தானை அழுத்தி இரண்டு வினாடி கழித்துத் தானாகத் திறக்கும்படி வைத்தேன். ஐ.எஸ்.ஓ. இருநூறு, துளை மூன்றரை, நேரம் பதினைந்து வினாடி. திரையில் படம் வந்தபோது உண்மையில் பயந்துபோனேன். மூங்கில் வேலியில் ஒவ்வொரு இலையும் தனியாகத் தெரிகிறது. முகட்டின் விளிம்பு கத்தியால் வெட்டினது போல. குருணை என்கிற பேச்சே இல்லை.

இல்லை என்றும் சொல்ல முடியாது. முகட்டுக்குக் கொஞ்சம் கீழே, இடப்பக்கம், ஊசி முனை அளவில் சில சிவப்புப் புள்ளிகள் மட்டும் போகவில்லை. வெறும் கண்ணால் பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை. அச்சுப்போடச் சந்தையில் தெகாட்டின் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். உன்னோடு படித்தவன்தான். இப்போது நாலு தாலுகாவின் கல்யாணத்துக்கும் அவன்தான் படம் எடுக்கிறான். பார்த்ததும், "டீச்சரம்மா, இது நீங்க எடுத்ததா? எங்கிட்ட வேலைக்கு வந்துடுங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எனக்கு அடங்க மாட்டேங்குறாங்க, உங்களப் பாத்தா ஆடாம அசையாம நிப்பாங்க" என்றான். புள்ளிகளைக் காட்டினேன். "இது கேமராவுக்கு வர்ற வேர்க்குரு. ரொம்ப நேரம் தொறந்து வச்சா உள்ள சூடாகி இப்படிப் பூக்கும். கல்யாணப் பொண்ணு கன்னத்துல இருந்தா நான் விட்டு வைப்பேனா? இருங்க" என்று கணினியில் ஒரு தடவு தடவினான். புள்ளி போய்விட்டது.

எனக்கும் அதுதான் முறையென்று பட்டது. அலுவலகத்துக்குப் போகிற காகிதத்தில் மைக்கறை இருந்தால் மறுபடி எழுதச் சொல்கிறவள் நான். விளிம்பு உடைந்த கிளாஸில் விருந்தாளிக்கு டீ கொடுப்போமா? துடைத்த படத்தையே நிலையத்துக்கு அனுப்பினேன். லிஸ்தியானி பதில் எழுதினாள்: மிகத் தெளிவான படம், மிக்க நன்றி, முகடு அமைதியாக இருப்பதாகத் தெரிகிறது.

அந்தப் பதிலைக் குனாடி கூட்டத்தில் உரக்கப் படித்தார். படத்தைப் பெரிதாக அச்சடித்து ஊர்க் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பெரியவர் தன் முகத்தைச் சுத்தமாகக் காட்டிவிட்டார் என்று எல்லோருக்கும் நிம்மதி. ஊர் கூடிப் பெரியவருக்கு வைக்கிற செப்டம்பர் விருந்தை வழக்கம்போல் மேலூற்றடியிலேயே வைப்பது என்று அன்றே முடிவானது. உன் அப்பா நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய்ச் சுவர்முன் நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் பெயரைச் சொன்னார். மறுநாளிலிருந்து மறுபடி மேல் ஓடைக்குத்தான் புல்லுக்குப் போகிறார். அங்கே போட்டிக்கு யாரும் இல்லையாம், முழங்கால் உயரம் புல் நிற்கிறதாம்.

தெகாட் துடைத்ததையும் துடைக்காததையும் கார்டில் வைத்திருக்கிறேன். எது நல்ல படம் என்று சொல். பாராட்டு எதிர்பார்த்துத்தான் கேட்கிறேன்.

உன் அம்மா
சுமர்சி


துகுசாரி
ஆகஸ்ட் நடு

அன்பு வாசிஸ்,

உனக்கு எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும். நீ இவ்வளவு சின்னக் கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை. பாராட்டு இல்லை, அப்பாவை விசாரிக்கவும் இல்லை. செய்ய வேண்டிய இரண்டு சோதனை மட்டும் எழுதியிருந்தாய். இரண்டையும் அன்று மாலையே செய்தேன்.

முதல் சோதனை: லென்ஸுக்கு மூடி போட்டு, அதே பதினைந்து வினாடி திறந்து வைப்பது. வந்தது வெறும் கறுப்பு. அந்தக் கறுப்பில் இரண்டே இரண்டு சிவப்புப் புள்ளி. அவை கேமராவின் சொந்தப் பிள்ளைகள், தெகாட் சொன்ன வேர்க்குரு. இப்போது எனக்கு அவற்றின் இடம் மனப்பாடம். மலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் படத்தின் அதே மூலையில் உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது சோதனை: முகடு படத்தின் நடுவில் விழாமல் ஓரத்தில் விழும்படி கேமராவைத் திருப்பி வைப்பது. திருப்பினேன். அந்த இரண்டும் தம் மூலையிலேயே இருந்தன. மற்றவை எல்லாம் முகட்டோடு சேர்ந்து ஓரத்துக்குப் போயின.

வகுப்பில் எல்லாப் பக்கத்திலிருந்தும் சலசலப்பு வந்தால் நான் கவலைப்படுவதில்லை. ஒரே பெஞ்சிலிருந்து தினமும் வந்தால் எழுந்துபோய்ப் பார்ப்பேன். அதைத்தான் நீ ஒரு வரியில் எழுதியிருந்தாய்: குருணை ஒரு இடத்தில் நிற்காது அம்மா, நிற்பது குருணை இல்லை. அந்த வரியைப் படித்துக்கொண்டு சமையலறைப் படியில் உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் டெம்பே கருகிவிட்டது. உன் அப்பா கேட்டதற்கு, படம் சரியாக வரவில்லை என்றேன்.

பிறகு துடைக்காத படங்களை வார வரிசையில் வைத்துப் பார்த்தேன். முதல் படத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்த புள்ளிகள் இப்போது ஒரு கோணல் கோடாகச் சேர்ந்திருக்கின்றன. கோடு வாரா வாரம் கீழே நீள்கிறது. அது எந்தப் பக்கம் இறங்குகிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சின்ன வயதில் உன் அப்பாவோடு அந்த மேல் ஓடைக்குப் புல்லுக்குப் போனவன் நீ.

மறுநாள் முதல் பஸ்ஸில் கார்டை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். மேலூற்றுத் தண்ணீரைப் பற்றியும் சொன்னேன். லிஸ்தியானி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, நான் முன்பு அனுப்பியதையும் பக்கத்தில் திறந்து வைத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "இத ஏம்மா தொடச்சீங்க?" அலுவலகத்துக்கு அனுப்புகிற படமாயிற்றே என்றேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இது பாறை வெடிப்பில் கண்ணுக்குத் தெரியாமல் கனல்கிற நெருப்பு, கருவிகளில் தரை அதிர்வு பெரிதாக இல்லை, ஆனாலும் மேலிடத்துக்கு இன்றே எழுதுகிறேன் என்றாள். அடுத்த நாளே வந்து, மேலூற்றுக்கு அந்தப் பக்கத்து வளைவில் கயிறு கட்டி, சிவப்புப் பலகை வைத்தார்கள். யாரும் தாண்டக்கூடாது, விருந்தையும் கீழே மாற்றிக்கொள்வது நல்லது என்று கூட்டத்தில் சொன்னாள்.

அவள் போன பிறகு நான் எழுந்து புதுப் படத்தைப் பழைய படத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். அங்கேதான் எல்லாம் தலைகீழாயிற்று. பழையது பளிச்சென்று இருக்கிறது, புதியது புள்ளியோடு இருக்கிறது. குனாடி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, கோவிச்சுக்காதீங்க. மொதல்ல எடுத்ததுதான் நல்லா வந்திருக்கு. இது பழையபடி குருணையாப் போச்சு" என்றார். பழைய படத்திலும் புள்ளி இருந்தது, துடைத்ததால்தான் தெரியவில்லை என்றேன். தெகாட்டும் எழுந்து, "நான்தாங்க தொடச்சேன், சத்தியமா" என்றான். பின்னாலிருந்து யாரோ, "எம் மருமக மூஞ்சியையும் நீதானடா தொடச்ச, கல்யாணத்தன்னிக்கு நேர்ல பாத்துத்தான் தெரிஞ்சுது" என்றார்கள். கூடமே சிரித்தது. அதோடு பேச்சு போயிற்று. விருந்து நெருங்குகிற நேரத்தில் பெரியவர் முகத்தில் சொறி என்று சொல்வது நல்லதில்லை என்று ஒரு கிழவி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம்தானே சாப்பிடப்போகிறோம் என்று விருந்தை ஊற்றடியிலேயே வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் உன் அப்பா என் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார். ஊர் முன்னால் அப்படிச் செய்கிறவர் இல்லை. என் படம் கெட்டுப்போனதற்கு ஆறுதல் சொல்கிறாராம்.

உன் அம்மா
சுமர்சி


துகுசாரி
செப்டம்பர்

என் மகன் வாசிஸுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ வேலையில் இருந்தாலும், ஓரமாக உட்கார்ந்து முழுவதும் படித்துவிடு.

போன வாரம் மசூதி மூலையில் உன்னிடம் சொல்ல வாயெடுத்தேன். உன் அப்பா போனைப் பிடுங்கி, கன்றுக்குட்டியின் நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருப்பதைப் பேசித் தீர்த்துவிட்டார். ஆமாம், மாடு ஈன்றுவிட்டது. கிடாரிக் கன்று. அதனால் புல் இரண்டு மடங்கு வேண்டும் என்கிறார். கயிற்றுக்கு அடியில் குனிந்துதான் போகிறார். கேட்டால், "கயிறு எருமைக்குக் கட்டுனது. நான் என்ன எருமையா?" என்கிறார். நான் மன்றாடிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்தேன். "நீ எடுத்த படம்தானே பயப்படாதேன்னு சொல்லிச்சு? அதுதான் சொவத்துல ஒட்டியிருக்கே" என்கிறார். என்னைக் கிண்டல் செய்வதாக நினைத்துத்தான் சொல்கிறார், வாசிஸ். ஆனால் அவர் நிஜமாகவே அந்தப் படத்தை நம்புகிறார். அதில் என் பெயர் எழுதியிருக்கிறது.

ஊற்றில் இப்போது கை வைக்க முடியவில்லை. விருந்துக்கு முட்டையை அதிலேயே அவித்துவிடலாம் என்று பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். லிஸ்தியானி தினமும் வருகிறாள். மேலிடத்திலிருந்து ஆட்கள் வருவார்கள் என்கிறாள். விருந்து வரும் வியாழக்கிழமை.

இதில் ஒரு அச்சுப் படம் வைத்திருக்கிறேன். அதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். நேற்று விடியற்காலைத் தொழுகைக்கு முன்னால் நிலா வெளிச்சம் மட்டும் இருந்தபோது எடுத்தது. கோட்டைத் தெளிவாகப் பார்க்க, நேரத்தை முப்பது வினாடியாகக் கூட்டினேன். ஷட்டர் திறந்த நேரம், உன் அப்பா அரிவாளும் காவடிக் கம்புமாகக் கொல்லை வழியாகக் கிளம்பினார். பாதை அவருக்குப் பழக்கம் என்பதால் டார்ச் கொண்டு போவதில்லை. கேமராவுக்கு முன்னால், வேலிக்கும் பலாமரத்துக்கும் நடுவில், பாதையோடு மேலே நடந்து போனார். போகிறபோது என்னைப் பார்த்து, "நானும் விழுவேனா? அழகா எடு" என்றுகூடச் சொன்னார். நான் பார்த்துக்கொண்டேதான் நின்றேன்.

படத்தைப் பார். ஐ.எஸ்.ஓ. குறைவு, குருணை துளியும் இல்லை. வேலி இருக்கிறது. பலாமரத்தில் ஒவ்வொரு காயும் இருக்கிறது. அவர் நடந்த பாதை கல் கல்லாகத் தெரிகிறது. மேலே அந்தச் சிவப்புக் கோடு, புள்ளி புள்ளியாக இல்லாமல் ஒரே கோடாக, மேல் ஓடையின் தலைமாட்டில் வந்து நிற்கிறது. உன் அப்பா இல்லை.

காரணம் எனக்குத் தெரியும். நடந்துகொண்டே இருந்தார், எந்த இடத்திலும் பதிகிற அளவுக்கு நிற்கவில்லை. நிற்பது மட்டும்தான் பதியும் என்று நீதான் சொல்லிக் கொடுத்தாய். தெரிந்தும், அந்தத் திரையைப் பார்த்துவிட்டு நான் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு பாதி தூரம் அவர் பின்னால் ஓடினேன். அவர் திரும்பிப் பார்த்து, "என்னம்மா, அரிவாள் தீட்டுற கல்லை மறந்துட்டேனா?" என்றார். ஆமாம் என்றேன். கையில் கல் இல்லை. சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் நான் சொல்லிக் கேட்க மாட்டார், ஊர் சொல்லிக் கேட்க மாட்டார். நீ கூப்பிட்டால் வருவார். அவருக்கு இந்த உலகத்தில் மாட்டை விட்டுவிட்டுக் கிளம்புகிற அளவுக்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு, அது நீ. இதைப் படித்த உடனே அவர் போனுக்குப் பேசு. வியாழக்கிழமைக்கு முன்னால் பாத்தாமுக்கு வரச் சொல். அவர் கிளம்பினால் மாட்டையும் கன்றையும் தெகாட் வண்டியில் ஏற்றி உன் அத்தை வீட்டில் விட்டுவிட்டு, நானும் அவர் பின்னாலேயே கிளம்பிவிடுவேன். அவர் கிளம்பாமல் நான் மட்டும் வரமாட்டேன், அதைக் கேட்காதே.

என்ன காரணம் சொல்லிக் கூப்பிடுவது என்று நான் சொல்லித்தர மாட்டேன். பொய் சொல்லிக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இந்த ஒரு முறை நீ என்ன சொன்னாலும் நான் திருத்த மாட்டேன்.

தெகாட் இதை நாளைக் காலை நகரத்தில் விரைவு அஞ்சலில் சேர்க்கிறான். வியாழனுக்கு முன் கிடைத்துவிடும் என்கிறான். கூடத்துச் சுவரில் இருந்த படத்தை இன்று தொழுகை நேரத்தில் போய்க் கிழித்துவிட்டேன். யாரும் இன்னும் கவனிக்கவில்லை. ஒட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளையாக, சுத்தமாக இருக்கிறது.

இறைவன் உன் குரலுக்கு வலு கொடுக்கட்டும் மகனே. உன் அப்பாவை அங்கே வரவழை. வந்ததும் உன் பட்டறை வாசலில், நல்ல வெயிலில், அவரை ஒரு இடத்தில் அசையாமல் நிறுத்தி ஒரு படம் எடுத்து எனக்குக் காட்டு. எவ்வளவு குருணையாக இருந்தாலும் பரவாயில்லை.

உன் அம்மா
சுமர்சி